முதல் நாற்பது விநாடி

"மூச்சு இருக்கே மிஸ், அப்புறம் எதுக்கு நெஞ்ச அமுக்கச் சொல்றீங்க?"

கேட்டவர் ஒரு ஹாக்கி பயிற்றுநர். இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளித் திடல்களில் நின்று வெயிலில் கறுத்தவர். பினாங்கின் தண்ணீர்மலை அடிவாரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு சிறிய மண்டபத்தின் தரையில் நாங்கள் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே மலைக்கோயிலின் 513 படிகளை ஏறப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பூமலைத் தோட்டத்துப் பக்கம் ஓடப் போகிறவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்தார்கள். உள்ளே பூப்பந்து, காற்பந்து, திடல்தடம், சிலம்பம், கராத்தே என்று ஆளுக்கொரு விளையாட்டைச் சொல்லித்தரும் கோச்சுகள். நான் கோச் அல்ல. எழுதுவதற்காகப் போனேன், ஆனால் என்னையும் மண்டியிட வைத்துவிட்டார்கள்.

உயிர்காப்புப் பயிற்சி தந்தவர் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவ உதவியாளர். பொம்மைகளைத் தொடுவதற்கு முன் அவர் ஒரு காணொளியைக் காட்டினார். ஒருவர் தரையில் மல்லாந்து கிடக்கிறார். வாய் மீனைப் போலத் திறந்து மூடுகிறது. குறட்டை போல ஒரு சத்தம். ஐந்தாறு விநாடி ஒன்றுமில்லை. மறுபடி தாடை இழுக்கிறது, மார்பு லேசாக எழுகிறது. "இவர் மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டார். பதின்மூன்று கைகள் உயர்ந்தன. என்னுடையதும் அதில் ஒன்று.

"மாஸ்டர், அது மூச்சு இல்ல. மூளைத்தண்டு கடைசியா இழுத்துப் பாக்குது. இதயம் நின்னு போச்சு."

மண்டபம் ஒரு கணம் அமைதியானது. ஒவ்வொருவரும் தாங்கள் எப்போதோ பார்த்த ஒரு முகத்தை நினைத்துக்கொண்டிருந்ததாக எனக்குப் பட்டது.

இதயம் நிற்கும் கணத்தில் மூளை உடனே அணைந்துவிடுவதில்லை. மேல்மூளைக்கு ரத்தம் போகாததால் பத்துப் பதினைந்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும். அடியில் இருக்கும் மூளைத்தண்டு, அதாவது மூச்சை நாம் நினைக்காமலேயே நடத்திக்கொண்டிருக்கும் பகுதி, இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கும். மிச்சமிருக்கும் பிராணவாயுவை வைத்து அது அனுப்பும் ஒழுங்கற்ற கட்டளைகள்தான் அந்த இழுப்புகள். மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் நால்வரிடமாவது இது காணப்படுகிறது. நுரையீரலுக்குள் காற்று போய்ப் பயனில்லை, அதை எடுத்துச்செல்ல ரத்தம் ஓடவில்லை. ஆனால் பக்கத்தில் குனிந்து பார்ப்பவருக்கு அது உயிர் இருப்பதன் அடையாளம். "மூச்சு வருது, தள்ளுங்க, காத்து விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிவிட்டு, அவர் ஆம்புலன்சுக்காகக் காத்திருப்பார்.

இப்படிக் காத்திருந்து ஒரு குழந்தையை இழந்த ஊர் ஜப்பானில் இருக்கிறது. 2011 செப்டம்பர் 29. சைத்தாமா நகரின் ஒரு தொடக்கப்பள்ளி. நெடுந்தூர அஞ்சல் ஓட்டத்துக்கான பயிற்சியில் 1000 மீட்டர் ஓடி முடித்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சரிந்து விழுந்தாள். ஆசிரியர்கள் உடனே ஓடிவந்தார்கள். அலட்சியம் என்று யாரையும் சொல்ல முடியாது. பலர் சூழ்ந்திருந்தார்கள், ஆம்புலன்சை அழைத்தார்கள், தூக்குப்படுக்கையில் பள்ளியின் சுகாதார அறைக்குக் கொண்டுபோனார்கள். நாடி இருக்கிறது, மூச்சு இருக்கிறது என்று நம்பினார்கள். இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் ஏஇடி கருவி பள்ளியிலேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. 11 நிமிடம் கழித்து வந்த ஆம்புலன்ஸ் குழு இதயம் நின்றிருப்பதைக் கண்டது. மறுநாள் அவள் இறந்தாள்.

அதன்பின் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவளுடைய பெற்றோரும் நகரக் கல்வி வாரியமும் எதிரெதிரே நிற்காமல் ஒரே மேசையில் உட்கார்ந்து, விளையாட்டு நேரத்தில் ஆசிரியர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கையேடு எழுதினார்கள். 2012இல் அது வெளியானது. அந்தச் சிறுமியின் பெயரையே வைத்து அதை 'அசுகா மாதிரி' என்கிறார்கள். அதன் உயிர்நாடி ஒரே ஒரு விதி: நினைவு இருக்கிறதா, மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால், இதயம் நின்றுவிட்டதாகவே எடுத்துக்கொண்டு தொடங்கு. தெரிந்தால் செய் என்பதுதான் நம் வழக்கமான எச்சரிக்கை. இந்த விதி அதை அப்படியே திருப்பிப் போடுகிறது. தெரியாவிட்டால்தான் செய்ய வேண்டும்.

ஏனென்றால் இரண்டு தவறுகளின் விலை ஒன்றல்ல. இதயம் ஓடிக்கொண்டிருப்பவரின் நெஞ்சை அழுத்தினால் அவர் முனகுவார், கையைத் தட்டிவிடுவார்; பெரும்பாலும் நெஞ்சு வலியோடு போய்விடும். இதயம் நின்றவரை அழுத்தாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மாலை ஐந்தரை மணிக்கு, சாலையெல்லாம் வண்டி நிற்கும் நேரத்தில், ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது என்றால் அது நல்ல வேகம். அந்தப் பத்து நிமிடத்தில் கணக்கு ஏறக்குறைய முடிந்திருக்கும்.

வகுப்பில் சிலம்ப ஆசான் ஒருவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அது நம் வீட்டுக் கேள்வி. "கை கால் வெட்டி வெட்டி இழுத்தா? அது வலிப்புதானே? சாவியத்தானே குடுப்போம்?"

இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதை நம்மில் பார்க்காதவர் யார்! வலிப்பு நோய் உள்ளவருக்கே அது எதையும் செய்வதில்லை. ஓரிரண்டு நிமிடத்தில் வலிப்பு தானாக அடங்கும், சாவிக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் திடலில் அது உயிருக்கே உலை வைக்கும் பழக்கம். இதயம் நின்ற இளம் விளையாட்டாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, விழுந்த முதல் சில விநாடிகளில், மூளைக்கு ரத்தம் நின்றதால் கைகால் வெட்டி இழுக்கும். கண் திறந்தே இருக்கலாம். பார்ப்பவர் "வலிப்பு" என்று முடிவு கட்டுவார், யாரோ சாவியைத் தேடுவார்கள். அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் ஒரு நேரான வழியைச் சொல்லித்தருகிறார்கள்: விளையாடும்போது யார்மேலும் மோதாமல் தானாக விழுந்து, கூப்பிட்டால் பதில் தராதவருக்கு இதயம் நின்றிருக்கிறது என்றே தொடங்கு, இல்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம்.

நம் மொழியும் இங்கே நமக்குக் கொஞ்சம் இடைஞ்சல் செய்கிறது. நாளிதழ்கள் எல்லாவற்றையும் 'மாரடைப்பு' என்று எழுதிவிடுகின்றன. மாரில் அடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது. அந்த ஆள் வலிக்கிறது என்பார், வியர்ப்பார், நம்மோடு பேசுவார். இதய நிறுத்தம் வேறு. அதில் இதயத்தின் மின்னோட்டம் தடுமாறி, கீழறைகள் சேர்ந்து சுருங்காமல் தனித்தனியே நடுங்குகின்றன. நெஞ்சைத் திறந்து பார்த்த மருத்துவர்கள், பைக்குள் புழுக்கள் நெளிவது போலிருக்கும் என்பார்கள். அந்த ஆள் பேசமாட்டார். அடைப்பு நிறுத்தத்தில் போய் முடியலாம், முடியாமலும் போகலாம். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களிடம் பெரும்பாலும் அடைப்புதான் காரணம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் ரத்தக்குழாய்கள் பொதுவாகச் சுத்தமாக இருக்கும்; பிறவியிலேயே தடித்த இதயத்தசை, தடம் மாறிப் பிறந்த ரத்தக்குழாய், மின்னோட்டக் குறை, காய்ச்சலுக்குப் பின் வீங்கிய தசை, இப்படி ஏதாவது ஒன்று ஒளிந்திருக்கும். எந்த நோயும் இல்லாத பிள்ளைக்கும், இதயத்துக்கு நேரே, துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடிப்பிளவில் பந்தோ கட்டையோ பட்டால் இதே நடுக்கம் தொடங்கிவிடும். அந்த இடைவெளி ஒரு விநாடியின் நூறில் இரண்டு பங்கு அளவுதான். ஹாக்கி, சிலம்பம், கராத்தே சொல்லித்தருகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அடி மிகப் பலமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பினாங்குக்காரர்களுக்குப் பூப்பந்து ரத்தத்தில் ஊறியது. எட்டி சூங் அனைத்து இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை 1950களில் நான்கு முறை கொண்டுவந்த ஊர் இது. லீ சோங் வெய் எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்தவர். ஆகவே 2024 ஜூன் 30 அன்று யோக்யகர்த்தாவில் நடந்ததைப் பலர் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஆசிய இளையோர் போட்டி. சீனாவின் ஜாங் ஜிஜியே, வயது 17, ஆட்டத்தின் நடுவே திடீரென்று தரையில் விழுந்தார். உடல் இழுத்தது. ஒருவர் அவரை நோக்கி ஓடிவரத் தொடங்கி, பாதியில் நின்று, நடுவர் பக்கம் திரும்பிப் பார்த்தார். சுமார் நாற்பது விநாடி யாரும் அவரைத் தொடவில்லை. அன்றிரவு அவர் மருத்துவமனையில் இறந்தார். நடுவர் அனுமதி இல்லாமல் ஆடுகளத்துக்குள் போகக்கூடாது என்பது விதி என்று இந்தோனேசியப் பூப்பந்துச் சங்கம் பிறகு விளக்கியது.

அந்த நாற்பது விநாடி கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓடிவந்த மனிதர் நின்றாரே, அந்தக் கணத்தைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். அவருடைய கால்களுக்குத் தெரிந்திருந்தது. அவரை நிறுத்தியது, பல்லாண்டுப் பழக்கத்தில் உடம்பில் படிந்த ஒழுக்கம்: நடுவரைக் கேட்காமல் கோட்டைத் தாண்டாதே. எந்த நல்ல கோச்சும் அதைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்லித்தருகிறார். ஆகவே உயிர்காப்புப் பயிற்சி கைகளுக்கு மட்டுமானதாக இருந்தால் போதாது. யாரையும் கேட்காமல் கோட்டைத் தாண்டலாம் என்ற அனுமதியை அந்த மனிதருக்கு முன்கூட்டியே தந்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான மாலை ஒன்றும் உண்டு. 2021 ஜூன் 12, கோப்பன்ஹேகன். டென்மார்க்கின் காற்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் முதல் பாதி முடியும் தறுவாயில் விழுந்தார். அணித்தலைவர் சைமன் கியர் ஓடிவந்து பக்கத்தில் இருந்தார்; நடுவர் ஆண்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவர்களைக் கையசைத்து அழைத்தார். அணி மருத்துவர் பின்னர் சொன்னதில் ஒரு விவரம் எல்லாக் கோச்சுகளுக்கும் பாடம்: அவர் குனிந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்தன, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிலைமை மாறியது. ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போகாமல் கூடவே இருந்ததால்தான் அந்த மாற்றம் கண்ணில் பட்டது. நெஞ்சழுத்தம், ஒரே ஒரு மின்அதிர்ச்சி. அடுத்த ஆண்டே எரிக்சன் மறுபடி ஆடினார்.

நெஞ்சை வெளியிலிருந்தே அழுத்தி ரத்தத்தை ஓட்டலாம் என்பது தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1950களின் இறுதி, பால்டிமோர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ். கை நிக்கர்பாக்கர் என்ற இளம் பொறியாளர் நாய்களின் இதயத்துக்கு மின்அதிர்ச்சி தரும் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். கனமான மின்தகடுகளை மார்பில் அழுத்தி வைத்தாலே, மின்சாரம் பாய்வதற்கு முன்பே, நாயின் ரத்த அழுத்தம் சற்று ஏறுவதைக் கவனித்தார். அதுவரை மருத்துவர்கள் நெஞ்சைக் கிழித்து இதயத்தைக் கையால் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவரும் கோவன்ஹோவன் என்ற பொறியாளரும் ஜூட் என்ற அறுவை மருத்துவரும் 1960இல் வெளியிட்ட கட்டுரையில் 20 நோயாளிகள். 14 பேர் பிழைத்திருந்தார்கள். இனி இதற்கு இரண்டு கைகள் போதும் என்று அவர்கள் முடித்தார்கள். அதே ஆண்டு நார்வேயில் பொம்மை செய்யும் ஆஸ்முண்ட் லேர்டால், பழகுவதற்கென்று ஒரு பெண் பொம்மையைச் செய்தார். சேன் ஆற்றில் மூழ்கியவள் என்று சொல்லப்பட்ட பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகத்தை அதற்கு வைத்தார். எங்கள் முன் கிடந்த பொம்மைகளும் அந்தக் குடும்பம்தான்.

பொம்மையின் மேல் கை வைத்ததும் எல்லோருக்கும் ஒரே ஆச்சரியம்: இவ்வளவு ஆழமா! மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு கையின் மேல் மறுகையை வைத்து, முழங்கை மடங்காமல், தோளை நேரே மேலே கொண்டுவந்து, குறைந்தது 5 சென்டிமீட்டர், 6ஐத் தாண்டாமல். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. எடைதூக்கிப் பழகிய ஓர் இளைஞர் கைவலிமையால் குத்தினார். ஒரு நிமிடத்தில் தளர்ந்தார். மெலிந்த உடம்பு கொண்ட ஓட்டப் பயிற்றுநர் ஒருவர் இடுப்பிலிருந்து சாய்ந்து தன் உடல் எடையை இறக்கினார். அவருடைய பொம்மையின் விளக்குகள் பச்சையாகவே எரிந்தன. நான் மிக வேகமாக எண்ணினேன். வேகம் கூடக்கூட ஆழம் குறைந்ததை அந்தப் பச்சை விளக்கு அணைந்துதான் எனக்குச் சொன்னது.

அழுத்துவது பாதி வேலை. கையை விடுவது மறுபாதி. மார்பு முழுவதும் மேலெழுந்தால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிரம்பும். இதயத் தசைக்கு ரத்தம் கிடைப்பதும் அந்த விடுகின்ற நேரத்தில்தான். களைத்தவர்கள் பொம்மைமேலேயே சாய்ந்து நிற்பார்கள்; அழுத்துகிறோம் என்று நினைப்பார்கள், உள்ளே எதுவும் நிரம்பாது. சரியாகச் செய்தாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்பங்கு, மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மூளை கருகாமல் இருக்க அது போதும். நிறுத்தினால் ரத்த அழுத்தம் உடனே விழுந்துவிடுகிறது. மறுபடி மேலே ஏற்றப் பல அழுத்தங்கள் வேண்டும். அதனால்தான் எதற்காக நிறுத்தினாலும் பத்து விநாடியைத் தாண்டக்கூடாது என்கிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும் என்பதும் அதனால்தான்: களைப்பு அழுத்துகிறவருக்குத் தெரிவதற்கு முன்பே ஆழத்தில் தெரிந்துவிடும்.

முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்பது பழகியவர்களுக்கு. மூச்சு ஊதத் தயங்குகிறவர் அழுத்திக்கொண்டே இருந்தாலும் போதும், பெரியவர் திடீரென்று விழுந்திருந்தால். நீச்சல் கோச்சுக்கு இந்தச் சலுகை கிடையாது. மூழ்கியவருக்கு முதலில் தீர்ந்தது பிராணவாயுதான். அவருக்கு மூச்சு கொடுத்தே ஆக வேண்டும். சிறுவர்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

மதிய உணவுக்கு முன் ஒரு சங்கடமான கேள்வி வந்தது. கேட்டவர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "பொம்பளப் பிள்ளையா இருந்தா? நான் ஆம்பளக் கோச். சட்டைய நீக்கணும்னு சொல்றீங்க."

பல இனமும் பல சமயமும் சேர்ந்து வாழும் ஊரில் இதைச் சிரித்துத் தள்ள முடியாது, பயிற்சி தந்தவரும் தள்ளவில்லை. அமெரிக்காவில் 2018இல் வெளியான ஓர் ஆய்வு, பொது இடத்தில் இதயம் நின்ற ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கு அருகிலிருந்தவர் சிபிஆர் என்ற இந்த உயிர்காப்பு முதலுதவியைச் செய்ததாகவும், பெண்களில் 39 விழுக்காட்டினருக்கே செய்ததாகவும் கண்டது. தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. பயிற்சிக்கான பொம்மைகள் பெரும்பாலும் தட்டையான மார்போடு இருப்பதும் அந்தத் தயக்கத்தைப் போக்க உதவுவதில்லை. வழி உண்டு: அழுத்துவதற்கு ஆடையைக் களைய வேண்டியதே இல்லை. ஏஇடி ஒட்டுகளை வெற்றுத்தோலில்தான் ஒட்ட வேண்டும். அப்போது மற்றப் பிள்ளைகளை வெளிப்பக்கம் பார்த்து வட்டமாக நிற்கவைத்து, ஒரு துண்டைப் பிடிக்கச் சொல்லலாம். "பெற்றோர் கூட்டத்துலயே இதச் சொல்லிடுங்க," என்றார் அவர். "ஆண்டுத் தொடக்கத்துல ஒரு தடவ சொல்லிட்டா, அன்னைக்கு யோசிக்க வேண்டியதில்ல." இந்த ஒரு பதிலுக்காகவே அன்று போனது தகும் என்று நினைத்தேன்.

2009 முதல் 2012 வரை ஜப்பான், கொரியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்வான், தாய்லாந்து, துபாய் ஆகிய இடங்களில் மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்த 66,780 இதய நிறுத்தங்களை ஆராய்ந்த ஆசியக் கூட்டாய்வு ஒன்று உண்டு. அருகிலிருந்தவர் சிபிஆர் செய்தது ஓரிடத்தில் 10.5 விழுக்காடு, இன்னோரிடத்தில் 40.9. பொதுமக்கள் மின்அதிர்ச்சி கொடுத்தது ஒரு விழுக்காடுகூட இல்லை. டென்மார்க்கின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே 2005 முதல் பள்ளிகளில் சிபிஆர் பயிற்சி கட்டாயம், 2006 முதல் வண்டி உரிமம் எடுப்பவர்களுக்கும் கட்டாயம். அருகிலிருந்தவர் சிபிஆர் செய்தது 2001இல் 21 விழுக்காடாக இருந்து 2010இல் 45 ஆனது. முப்பது நாள் கடந்து உயிரோடிருந்தவர்கள் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8 ஆனார்கள். பத்தே ஆண்டு.

பள்ளித் திடலுக்கு இன்னும் பொருத்தமான கணக்கு 2009இல் வந்தது. ஏஇடி வைத்திருந்த 1710 அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 36 இதய நிறுத்தங்கள். 23 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். மருத்துவமனைக்கு வெளியே நிகழ்ந்தவற்றில் இது வியப்பான எண்ணிக்கை. ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறொன்றை: அந்த 36 பேரில் மாணவர்கள் 14 பேர்தான். மற்ற 22 பேரும் பெரியவர்கள், திடலுக்கு வந்துபோகிறவர்கள். பிள்ளைகளுக்காகப் படிக்கப்போகும் கோச்சே ஒருநாள் தரையில் கிடக்கலாம். அப்போது அவரைச் சுற்றி நிற்பவர்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள்தான். அவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டாமா?

நம் வானிலை தனியாக இரண்டு பாடங்களை வைத்திருக்கிறது. ஒன்று வெயில். குறுக்கோட்டத்தில் விழுந்த பிள்ளை தடுமாறிப் பேசுகிறது, உடம்பு கொதிக்கிறது, மூச்சு சீராகவே இருக்கிறது என்றால் அது வெப்பத்தாக்கம். உள்வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் கிடத்தி விசிறுவது போதாது. ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை இறக்கிக் குளிர்வித்துவிட்டுப் பிறகு வண்டியில் ஏற்றுவதே முறை. மூச்சைப் பார்க்காமல் வெயில்தான் என்று முடிவு கட்டுவது மட்டும் ஆபத்து. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நிமிடங்களைக் கழித்துவிடுவோம்.

இன்னொன்று இடி. மாலைப் பயிற்சி நேரத்தில் மலைக்குப் பின்னால் மேகம் கறுப்பது இங்கே வாடிக்கை. இடி விழுந்தவரைத் தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. உடம்பில் மின்சாரம் தங்குவதில்லை, தாராளமாகத் தொடலாம். மின்னல் இதயத்தை ஒரே உதறலில் நிறுத்தும். இதயம் பல நேரம் தானாகவே மறுபடி துடிக்கத் தொடங்கும், ஆனால் மூச்சை நடத்தும் மையம் அதைவிட நேரம் மரத்துக் கிடக்கும். அந்த இடைவெளியில் மூச்சு கொடுத்தால் ஆள் பிழைக்கலாம். கொடுக்காவிட்டால் மீண்ட இதயம் மறுபடி நின்றுவிடும். பலர் விழுந்து கிடந்தால், முனகுகிறவரை விட்டுவிட்டு, அசையாமல் கிடப்பவரிடம் முதலில் போக வேண்டும். மற்ற விபத்துகளில் சொல்லித்தரும் வரிசைக்கு இது நேர் எதிர்.

பிற்பகலில் ஏஇடி வந்தது. மூடியைத் திறந்தால் அதுவே பேசும். ஒட்டு எங்கே ஒட்ட வேண்டும் என்று படம் காட்டும். இதயத்தின் தாளத்தைத் தானே படித்து, தேவை என்றால் மட்டுமே மின்அதிர்ச்சி தரும். தவறாக யாரையும் கொன்றுவிட முடியாது என்று சொன்னபின்தான் பலர் பொத்தானைத் தொட்டார்கள். அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலாளிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், விழுந்து மூன்று நிமிடத்துக்குள் மின்அதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதற்குப் பிந்திப் பெற்றவர்களில் 49. கருவியை இயக்கியவர்கள் மருத்துவர்கள் அல்லர், வாசலில் நின்ற காவலாளிகள்.

ஆனால் கருவி எங்கே இருக்கிறது? 2012 மார்ச் மாதம் பெங்களூரில் மாவட்டக் காற்பந்து லீக் ஆட்டத்தின்போது வெங்கடேஷ் என்ற ஆட்டக்காரர் விழுந்தார். திடலில் ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. அடுத்த மாதம் இத்தாலியில் பெஸ்காரா அரங்கில் பியெர்மாரியோ மொரோசினி சரிந்தார். அங்கே ஆம்புலன்ஸ் இருந்தது, நுழைவாயிலை மறித்து ஒரு காவல் வண்டி நின்றது. அவரும் இறந்தார். அதன்பின் இத்தாலி சிறிய விளையாட்டுச் சங்கங்கள்கூட ஏஇடி வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. பணமுள்ள தொழில்முறை அரங்கிலும், ஒன்றுமில்லாத மாவட்டத் திடலிலும் தோற்றது ஒரே இடத்தில்: வாசலுக்கும் விழுந்தவருக்கும் நடுவே.

எனவே கடைசி ஒரு மணி நேரம் பொம்மைகளைத் தொடவில்லை. ஆளுக்கொரு தாள் கொடுத்து, அவரவர் திடலை வரையச் சொன்னார். வண்டி நுழையும் கேட் எது? 999ஐ அழைக்கும்போது சாலையின் பெயரை என்ன சொல்வீர்கள்? அருகிலுள்ள ஏஇடி எங்கே, அந்த அலமாரி பூட்டியிருக்கிறதா? கேட்டில் நின்று ஆம்புலன்சைக் கூட்டிவரும் பிள்ளை யார்? மூன்றிலிருந்து ஆறு மாதத்தில் கைகள் மறக்கத் தொடங்கும், ஆகவே மறுபடி எந்தத் தேதியில் பொம்மையோடு பழகப்போகிறீர்கள்? சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும், கைகளின் ஞாபகம் அவ்வளவு நாள் செல்லாது என்றார். செயின்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் பள்ளிகளில் சீருடை இயக்கங்களாகவே இருப்பதால், அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பழகினால் போதும் என்றும் சொன்னார்.

ஹாக்கி பயிற்றுநர் தன் தாளில் திடலை அழகாக வரைந்தார். கோல் கம்பங்கள், ஆலமரம், கழிப்பறை, கிணற்றடி. பின்பக்கம் வண்டி நுழையக்கூடிய ஒரே கேட். அங்கே வந்ததும் பென்சில் நின்றது.

"மாலையில மோட்டார் சைக்கிள் உள்ள வந்துடும்னு அதப் பூட்டிடுவாங்க," என்றார். "சாவி வாட்ச்மேன்கிட்ட. அவரு ஆறு மணிக்கு டீ குடிக்கப் போயிடுவாரு."

சிலம்ப ஆசான் அவரைத் திரும்பிப் பார்த்தார். ஹாக்கி பயிற்றுநர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது, கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். "அண்ணே, நாந்தான். அந்தப் பின்கேட்டு சாவி இருக்குல்ல, அதுல எனக்கு ஒண்ணு அடிச்சுக் குடுங்க. இல்லண்ணே, நாளைக்கு இல்ல. இன்னைக்கே."